மொழி கற்பித்தலில் பிஎச்.டி.: கேள்வியிலிருந்து தொடங்குங்கள்

மொழி கற்பித்தலில் முனைவர் பட்டம் செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் முதலில் கேட்பது, "எங்கே சேரலாம்?" அதைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்.

முதல் படி: கேள்வி

சென்னை சௌகார்பேட்டையில் நான்காம் வகுப்பு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டப்படி, வீட்டில் இந்தி பேசும் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள். 'பிறமொழி மாணவர்களின் தமிழ்க் கற்றல் சிக்கல்கள்' என்று தலைப்பு வைத்தால் ஆறு வருடமும் போதாது. சுருக்குங்கள். இந்தியில் பஸ் பெண்பால், தமிழில் அஃறிணை. அப்படியானால் அந்தப் பிள்ளைகள் 'பஸ் வந்தாள்' என்று எழுதுகிறார்களா? எழுதினால், அந்தப் பிழை எந்த வகுப்பில் மறைகிறது? எந்தப் பயிற்சி கொடுத்தால் சீக்கிரம் மறைகிறது? இதை எண்ணிப் பார்க்க முடியும், சோதித்துப் பார்க்க முடியும்.

ஒரு மாதம் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளில் கண்ணில் படும் பிழைகளைத் தேதி போட்டுக் குறித்து வாருங்கள். பிள்ளைகளின் பெயர் வேண்டாம். பிஎச்.டி. சேர்க்கை நேர்காணலில் உங்களுக்குத் துணை நிற்கப்போவது இந்தக் குறிப்புதான்.

இரண்டு: முன்னால் செய்தவர்கள்

சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். கடைசி இயலை முதலில் படியுங்கள். 'மேலாய்வுக்கு உரியவை' என்று அவர்களே விட்டுச்சென்ற இடம் அங்கே இருக்கும். புத்தகங்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், தரமணி உலகத் தமிழாராய்ச்சி நிறுவன நூலகம்.

மூன்று: தகுதி

முதுகலையில் 55 சதவீதம் வேண்டும்; விதிப்படி சலுகை பெறும் பிரிவினருக்கு 50. நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வு ஜூன், டிசம்பர் என வருடத்துக்கு இரண்டு முறை. 2024 முதல் அந்த மதிப்பெண்ணே பிஎச்.டி. சேர்க்கைக்கும் பயன்படுகிறது. நெட் வழியாக ஜேஆர்எஃப் எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய். வேலையை விட்டுவிட்டு வருபவர்கள் இதற்காகவே உழைத்துப் படியுங்கள்.

நான்கு: நெறியாளர்

ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வழிநடத்தலாம். அதனால் இடம் காலியா என்று முதலில் விசாரியுங்கள். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம், காரப்பாக்கத்தில் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம், சென்னை ஐஐடியில் மானுடப் புலங்கள் (Humanities) மற்றும் சமூக அறிவியல் துறை என்று தேடலாம். நீங்கள் தேர்ந்தெடுத்த நெறியாளரின் கட்டுரைகளில் இரண்டையாவது படித்துவிட்டு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். "உங்கள் கீழ் ஆய்வு செய்ய ஆசை" என்பதோடு நிறுத்தாமல், நீங்கள் குறித்துவைத்த மூன்று பிழைகளை அதில் காட்டுங்கள்.

ஐந்து: சேர்ந்த பிறகு

குறைந்தது மூன்று வருடம். முதலில் கோர்ஸ் ஒர்க், அதாவது ஆய்வு முறைகள் பற்றிய பாடங்கள்; அப்புறம் களப்பணி. பள்ளியில் தரவு எடுக்கக் கல்வித் துறையின் எழுத்துபூர்வ அனுமதியும் பெற்றோர் சம்மதமும் வேண்டும். கடிதம் கைக்கு வருவதற்குள் ஆண்டுத் தேர்வு வந்துவிட்டால் ஜூன் வரை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் கோர்ஸ் ஒர்க் நடக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.