கடல் முள்ளந்தண்டிலிகள் எப்படி உண்கின்றன: மலையக வகுப்பறைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹற்றன், பண்டாரவளை, நுவரெலியா பக்கத்துப் பாடசாலைகளில் கடல் முள்ளந்தண்டிலிகள் பற்றிப் படிக்கும் பிள்ளைகளில் பலர் அந்த விலங்குகளை உயிரோடு பார்த்ததில்லை. அதனால் பாடம் ஓர் அட்டவணையாகச் சுருங்கிவிடுகிறது: இடப்பக்கம் கணம் (விலங்குகளின் பெரும் பிரிவு), வலப்பக்கம் உண்ணும் முறை. மொலஸ்கா (மட்டி, நத்தை, கணவாய்) என்றால் வடித்துண்ணல், எக்கைனோடேர்மேற்றா (நட்சத்திர மீன், கடலட்டை) என்றால் ஊனுண்ணல் என்று மனப்பாடம் செய்கிறார்கள். முதல் தவறு இந்த அட்டவணைதான்.

மொலஸ்காவை மட்டும் எடுத்துப் பாருங்கள். மட்டி நீரை வடித்து உண்கிறது. பாறையில் ஒட்டி வாழும் நத்தை பாசியைச் சுரண்டுகிறது. கணவாய் துரத்திப் பிடிக்கிறது. கூம்புச் சங்கு நஞ்சு நிறைந்த பல்லை ஈட்டியாக எறிந்து மீனையே வீழ்த்துகிறது. கணம் உடலமைப்பின் அடிப்படையைச் சொல்லும். ஒரு விலங்கு எதை, எப்படி உண்கிறது என்பதைச் சொல்லாது. ஆகவே ஒவ்வொரு விலங்குக்கும் ஒரே மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். உணவு எங்கே இருக்கிறது? எந்த உறுப்பு அதைப் பிடிக்கிறது? பிடித்த இடத்திலிருந்து வாய்க்கு அது எப்படிப் போகிறது? மூன்றாவது கேள்விக்குத்தான் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள். அதற்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

வடித்துண்ணலும் தேயிலை வடியும்

வடித்துண்ணலை விளக்கப் பலரும் தேயிலை வடியை எடுத்துக் காட்டுவார்கள். தொடங்குவதற்கு அது நல்லது. அதோடு நிறுத்தினால் இரண்டு பிழையான எண்ணங்கள் பதிந்துவிடும். வடியில் நீரை ஊற்றுவது நாம். மட்டியோ தானே நீரை ஓட்டுகிறது. அதன் பூக்களில் (செவுள்களில்) உள்ள பிசிர்கள் என்ற மயிர் போன்ற நுண் இழைகள் இடைவிடாமல் அடிப்பதால் ஒரு குழாய் வழியே நீர் உள்ளே வந்து மற்றக் குழாய் வழியே வெளியேறுகிறது. அடுத்தது, வடியின் கண்ணைவிடப் பெரிய துகள் மட்டுமே வடியில் தங்கும். மட்டியின் பூக்களில் பிசிர்களும் சீதமும் சேர்ந்து வேலை செய்வதால் ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்கே அளவுள்ள அல்காக் கலங்கள்கூடச் சிக்கிக்கொள்கின்றன.

இதைக் கண்ணால் காட்டலாம். கொசுவலையில் 10 சென்ரிமீற்றர் சதுரமாக இரண்டு துண்டுகள் வெட்டி, ஒன்றில் வாசலினை மிக மெல்லிதாகப் பூசுங்கள். அரை லீற்றர் குளிர்ந்த நீரில் ஒரு தேக்கரண்டி டஸ்ட் தேயிலையைக் கலக்கி, பாதிப் பாதியாக இரண்டு வலைகளிலும் மெதுவாக ஊற்றுங்கள். பூசாத வலையில் தூளில் பெரும்பகுதி தப்பிப் போகும். பூசிய வலையின் இழைகளில் ஒரு பகுதி ஒட்டி நிற்கும். கைவில்லையால் இழைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். வாசலினைத் தடிப்பாகப் பூசினால் கண்கள் அடைபட்டு நீர் விளிம்பால் வழியும், பரிசோதனை கெட்டுவிடும். சூடான நீர் சாயத்தை இறக்குவதால் எதுவும் தெளிவாகத் தெரியாது.

இனி மூன்றாவது கேள்வி. பூக்களில் சிக்கிய துகள்கள் அவற்றின் விளிம்பிலுள்ள பள்ளங்கள் வழியே வாயருகே இருக்கும் மடல்களுக்குப் போகின்றன. மடல்கள் தரம் பிரிக்கின்றன: உகந்தது வாய்க்கு, வேண்டாதது சீதத்தில் சுற்றப்பட்டு வெளியே. வெளியே தள்ளப்படும் அந்தப் பொருள் குடலுக்குள் போகவே இல்லை. விடைத்தாளில் அதை ‘மலம்’ என்று எழுதினால் பிழை, அது பொய்மலம். பூக்கள் சுவாசத்துக்கு மட்டுமே என்று எழுதுவதும் இதே இடத்தில் வரும் பிழை. மட்டியில் அவைதான் உணவைப் பிடிக்கும் உறுப்பும்.

கடற்பஞ்சில் தவறு அம்புக்குறியில் வருகிறது. மேலே பெரிய துளை இருப்பதால் பிள்ளைகள் அதற்குள் நீர் போவதாக வரைந்து, அதற்கு ‘வாய்’ என்று பெயரும் இட்டுவிடுவார்கள். உண்மை நேர்மாறானது. உடலெங்கும் உள்ள நுண்துளைகள் வழியே நீர் உள்ளே வரும். பெரிய துளை வழியே வெளியேறும். கடற்பஞ்சுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. சவுக்குமுளையும் (சாட்டை போன்ற நுண் இழை) அதைச் சுற்றிக் கழுத்துப்பட்டியும் கொண்ட கலங்கள் துகள்களைப் பிடிக்கின்றன. சமிபாடு கலங்களுக்குள்ளேயே நடக்கிறது. உள்ளே வரும் நீருக்கு நீலம், வெளியேறும் நீருக்குச் சிவப்பு என்று இரண்டு வர்ணப் பென்சில்களால் வரையச் சொன்னால் பிழை உடனே தெரியும். பாத்திரம் கழுவும் பஞ்சை மாதிரியாகக் கொண்டுவர வேண்டாம். அது பிளாஸ்ரிக் நுரை. அதன் துளைகளில் இந்தக் கால்வாய் அமைப்பு கிடையாது.

கடலட்டை இரத்தம் குடிக்காது

மலையகப் பிள்ளைகளிடம் மட்டும் அடிக்கடி காணும் பிழை இது. தேயிலை மலையில் காலில் ஏறும் அட்டையை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே கடலட்டையும் இரத்தம் குடிக்கும் என்று எழுதுகிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து காட்டுங்கள். மலை அட்டை மண்புழுவின் கணமான அனெலிடாவைச் சேர்ந்தது. உடலின் இரு முனைகளிலும் உறிஞ்சிகளும், தோலை வெட்டும் தாடைகளும் உண்டு. கடலட்டை நட்சத்திர மீனின் கணம். அதன் வாயைச் சுற்றியிருக்கும் பரிசக்கொம்புகள் (இரையைத் தொட்டுப் பிடிக்கும் நீட்சிகள்) மாற்றமடைந்த குழாய்ப் பாதங்கள். அவற்றால் கடலடி மண்ணை ஒற்றி எடுத்து, ஒவ்வொன்றாக வாய்க்குள் விட்டு வழிக்கிறது. மண்ணில் இருக்கும் அழுகிய பொருளும் பற்றீரியாவும் சமிபாடடைந்து, மிச்ச மண் பின்னால் வெளியேறுகிறது. மன்னார், யாழ்ப்பாணக் கடல்களில் பிடித்து உலர்த்தி ஏற்றுமதி செய்யப்படும் விலங்கு இதுதான் என்றும் சொல்லுங்கள்.

நட்சத்திர மீன் இரையை ‘உறிஞ்சுகிறது’ என்பதும் விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும். பல இனங்கள் குழாய்ப் பாதங்களால் மட்டியின் இரு ஓடுகளையும் இழுத்து, கிடைக்கும் சிறு இடைவெளியூடாகத் தம் இரைப்பையையே வெளியே தள்ளி உள்ளே நுழைக்கின்றன. மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு இடைவெளியே போதும். சமிபாடு உடலுக்கு வெளியே தொடங்குகிறது. மேலிருந்து பார்க்கும் படத்தில் இதைக் காட்டவே முடியாது, ஏனெனில் வாய் கீழ்ப்பக்கம் இருக்கிறது. பக்கவாட்டு வெட்டுமுகம்தான் வரைய வேண்டும்.

சொறிமுட்டை (ஜெலிமீன்) மின்சாரம் பாய்ச்சுவதில்லை. பரிசக்கொம்புகளில் உள்ள அழன்மொட்டுகள் சுருண்ட நூலை நஞ்சோடு வெளியே எய்கின்றன. அதே கணத்தைச் சேர்ந்த ஐதராவில் அளந்தபோது, நூலின் அடியிலுள்ள முட்கள் பாய்ந்து துளைக்கும் முதற்கட்டம் ஒரு மைக்ரோ செக்கனுக்கும் குறைவான நேரத்தில் முடிந்தது.

முருகைக்கல்லைத் தாவரம் என்றும் வெறும் கல் என்றும் எழுதுவது பழைய தவறு. அதைத் திருத்தப்போய், ‘முருகை சூரிய ஒளியில் மட்டும் வாழும்’ என்று அடுத்த தவறைக் கற்பித்துவிடுகிறோம். முருகை விலங்கின் இழையத்தில் வாழும் அல்காக்கள் ஒளித்தொகுப்பால் உணவில் பெரும்பங்கைத் தருகின்றன. அதோடு விலங்கு தன் பரிசக்கொம்புகளால், பெரும்பாலும் இரவில், பிளாந்தன்களையும் (நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள்) பிடிக்கிறது. கடல் சூடேறும்போது அல்காக்கள் வெளியேறி முருகை வெளுக்கும். 1998 இல் ஹிக்கடுவையில் நடந்தது அதுதான். வெளுத்த முருகை அந்த நேரத்திலேயே செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. வெளிறலை உண்ணும் முறையோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை.

கணவாயும் இறாலும் வாங்கும்போது

மலைநாட்டு நகரங்களுக்கு மீன் லொறியில் வருகிற கணவாயும் இறாலும்தான் நம் கைக்கு எட்டும் உண்மையான மாதிரிகள். வாங்கும்போதே தவறு நடந்துவிடும்: கேட்காமலே மீன்கடையில் கணவாயின் வாயை எறிந்து சுத்தம் செய்து தருவார்கள். நமக்கு வேண்டியது அந்த வாய்தான். ‘முழுசாகத் தாருங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இறாலும் தலையோடு வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு கணவாய் போதும். உடல் 15 முதல் 20 சென்ரிமீற்றர் இருந்தால் உறுப்புகள் கைக்கு அடங்கும். ஊர் குளிர்தானே என்று ஐஸ் இல்லாமல் வைக்காதீர்கள். நுவரெலியாக் குளிரிலும் காலையில் வாங்கிய கணவாய் மத்தியானத்துக்குள் மணக்கத் தொடங்கும். இறால், கணவாய் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் யார் என்று முதல் நாளே கேட்டு அறிந்து, அவர்களைத் தொடவிடாதீர்கள். மரக்கறி வீட்டுப் பிள்ளைகளுக்குப் படம் வரையும் பொறுப்பைக் கொடுக்கலாம்.

முதலில் கைகளை எண்ணச் சொல்லுங்கள். எட்டுக் கைகளும் நீண்ட இரண்டு பரிசக்கொம்புகளும் இருக்க வேண்டும். ஓட்டுக் கணவாயில் அந்த நீண்ட இரண்டும் கண்ணருகே உள்ள பைகளுக்குள் ஒடுங்கியிருக்கும். பிள்ளைகள் எட்டு என்று எண்ணிவிட்டு ‘இது ஒக்டோபஸ்’ என்பார்கள். சாவணத்தால் மெல்ல இழுத்தால் வெளியே வரும். பிறகு கைகளை விரித்து, நடுவில் இருக்கும் உருண்டையான தசையைச் சுற்றி அழுத்துங்கள். கறுத்த அலகு மேலெழும். தசையோடு வெட்டி எடுத்து அலகின் இரண்டு பாதிகளையும் பிரியுங்கள். கிளியில் மேல் அலகு கீழ் அலகை மூடும். கணவாயில் மேல் அலகு கீழ் அலகுக்குள் நுழையும். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீற்றர் நீளமான நாடா ஒன்று இருக்கும், அதுதான் வறுகி. அதைக் கண்ணாடி வழுக்கியில் ஒரு துளி நீரில் விரித்து, நுணுக்குக்காட்டியின் மிகக் குறைந்த பெருக்கத்தில் பாருங்கள். வரிசை வரிசையாகப் பற்கள் தெரியும். கூடிய பெருக்கத்தில் தொடங்கினால் மங்கலாகத்தான் தெரியும், பிள்ளைகள் சலித்துவிடுவார்கள்.

அலகு ஏன் இரையைச் சிறு துண்டாக வெட்ட வேண்டும் என்று இங்கே கேளுங்கள். கணவாயின் உணவுக்குழாய் மூளையின் நடுவே புகுந்து போகிறது. பெரிய துண்டு அந்த வழியே போக முடியாது.

இறாலில் பிள்ளைகள் முன்கால்களையே ‘வாய்’ என்று காட்டுவார்கள். அவை இரையைப் பற்றுவதற்கு. வாயருகே உள்ள தூக்கங்களை (உடலிலிருந்து நீளும் சிறு உறுப்புகளை) சாவணத்தால் ஒவ்வொன்றாகக் கழற்றி வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டுங்கள்: மூன்று சோடித் தாடைக்கால்கள், இரண்டு சோடிச் சிறுதாடைகள், கடைசியாகக் கடினமான ஒரு சோடித் தாடைகள். சமையலில் உருவி எடுக்கும் கறுப்பு நரம்பு நரம்பல்ல, குடல்.

கடற்கரைச் சுற்றுலாவில்

வெளிநாட்டுப் புத்தகங்களில் வற்றுப்பெருக்கு (கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவு) பல மீற்றர் என்று இருக்கும். அதை நம்பி பாறைக் குட்டைகளைத் தேடிப் போகாதீர்கள். இலங்கையில் அது ஒரு மீற்றருக்கும் குறைவு. அதைவிடப் பருவம் முக்கியம். ஓகஸ்ட் விடுமுறை என்றால் திருகோணமலைப் பக்கம். டிசம்பர் விடுமுறை என்றால் ஹிக்கடுவைப் பக்கம். மாற்றிப் போனால் கலங்கிய கொந்தளிக்கும் கடலைத்தான் பார்ப்பீர்கள். திருகோணமலைப் பக்கத்துப் புறாத்தீவு ஒரு தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது. எந்தக் கரையிலும் முருகைத் துண்டு பொறுக்க வேண்டாம். உயிருள்ள கூம்புச் சங்கைக் கையில் எடுக்க விடாதீர்கள். சில இனங்களின் நஞ்சு ஆளையே கொல்லும். கரையொதுங்கிய சொறிமுட்டை செத்திருந்தாலும் அழன்மொட்டுகள் எய்யும்.

கரையில் செய்ய ஒரு நல்ல வேலை இருக்கிறது. கொட்டலசு ஒட்டிய சிறு கல்லைத் தெளிந்த கடல்நீர் நிறைந்த போத்தலில் இட்டு, நிழலில் அசையாமல் பத்து நிமிடம் வையுங்கள். ஓட்டின் வாய் திறந்து, இறகு போன்ற கால்கள் வெளியே வந்து நீரைத் துழாவும். ஓடு இருப்பதால் அதை மட்டியோடு சேர்த்த பிள்ளைகளிடம் அந்தக் கால்களைக் காட்டுங்கள். அது இறாலின் உறவு. வெயிலில் வைத்தாலோ போத்தலை ஆட்டினாலோ ஓட்டை மூடிக்கொள்ளும். பார்த்து முடிந்ததும் கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.

தவணைப் பரீட்சையில் ‘மட்டியின் உண்ணும் முறை யாது?’ என்று கேட்டால் அட்டவணைதான் திரும்பி வரும். பெயர் சொல்லாமல் வாயுறுப்பின் படம் ஒன்றைக் கொடுத்து, இந்த விலங்கு எங்கே வாழும், எதை உண்ணும், காரணம் என்ன என்று கேளுங்கள். மூன்று புள்ளிகளில் இரண்டைக் காரணத்துக்கு வையுங்கள்.