பிளஸ் ஒன் குரூப்: மதுரைப் பக்கம் தப்பாகப் போடப்படும் சில கணக்குகள்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் பள்ளி அலுவலக வாசலில் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இந்த மார்க்குக்கு எந்த குரூப் கிடைக்கும்?" இதுவே முதல் தவறு. பிள்ளை எந்தப் படிப்பில் சேர நினைக்கிறது, அந்தப் படிப்பு பிளஸ் டூவில் எந்தப் பாடங்களின் மதிப்பெண்ணை எண்ணுகிறது என்று பார்த்துவிட்டு, அங்கிருந்து குரூப்புக்கு வர வேண்டும். கிடைத்த குரூப்பில் உட்கார்ந்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அதற்கு ஏற்ற பட்டத்தைத் தேடுவது வீண் அலைச்சல்.

பொறியியலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டுமென்றால் பிளஸ் ஒன்னிலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் 200 மதிப்பெண்ணுக்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நான்காவது பாடம் அந்தக் கணக்கிலேயே வராது. திருப்பரங்குன்றத்தில் உள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கணினித் துறைக்குப் போகவும் உயிரியல்–கணிதம் குரூப் போதும். மருத்துவமா, பொறியியலா என்று முடிவு செய்யாதவர்களுக்கு அதுதான் இரண்டு பக்கமும் வழிவிடும். அதற்காக, தவளைப் படத்தைக் கண்டாலே முகம் சுளிக்கிற பிள்ளையின் தலையில் உயிரியலைக் கட்டாதீர்கள். அந்தச் சுமை கணித மதிப்பெண்ணையும் சேர்த்து இழுத்துவிடும்.

நீட் ஆசையில் கணிதத்தை விடுவது இன்னொரு வகை. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் உயிரியலுக்கு மட்டும் 360. கணிதத்துக்கு எதுவும் இல்லை. ஆகவே தாவரவியல், விலங்கியல் கொண்ட தூய அறிவியல் குரூப் புத்திசாலித்தனமாகத் தோன்றும். மருத்துவ இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுவது நல்லது. பொறியியல் கலந்தாய்வும் கட்டடக்கலையும் அப்போது கைக்கு எட்டாது, பி.எஸ்சி. இயற்பியலுக்கும் கணிதம் கேட்பார்கள். கணிதம் உண்மையிலேயே வராத பிள்ளைக்கு இந்த குரூப்பில் வேறு நல்ல வழிகள் இருக்கின்றன. நர்சிங் இருக்கிறது. 1965 முதல் இயங்கும் ஒத்தக்கடை வேளாண் கல்லூரி இருக்கிறது. கால்நடை மருத்துவத்தில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். பக்கத்துத் தேனி மாவட்டத்திலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தும், ஆடு மாடு வளர்க்கும் உசிலம்பட்டி வீடுகளில்கூட அதைப் பற்றிய பேச்சு எழுவதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

இவை எல்லாவற்றையும்விடக் கைப்பொருளை நேராக இழக்க வைப்பது பள்ளி மாற்றம். அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்ததும், கடன் வாங்கியாவது ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்துவிடுகிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. கடைசி இரண்டு ஆண்டுக்குத் தனியாருக்கு மாறினால் அந்த உரிமை போய்விடும். அந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கட்டணத்தை அரசே கட்டுவதால், இழப்பு இரட்டிப்பு.

இதில் மதுரைக்கென்று ஒரு குழப்பம் உண்டு. நகரில் பழைய, பெயர்பெற்ற பள்ளிகள் பல அரசு உதவி பெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசு கொடுப்பதால் அவையும் அரசுப் பள்ளிகள்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த ஒதுக்கீட்டுக்கு அவை சேராது. மாநகராட்சிப் பள்ளியும் கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் சேரும். உங்கள் ஊர்ப் பள்ளியில் வேண்டிய குரூப் இல்லையென்றால், அடுத்த ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். மாணவர்களுக்கு இலவச பஸ் பாஸ் இருக்கவே இருக்கிறது.

வணிகவியலை மார்க் குறைந்தவர்களின் குரூப் என்று ஒதுக்குவது பழைய வழக்கம். அதற்குள்ளும் ஒரு தேர்வு இருப்பதைக் கவனிப்பவர் குறைவு: வணிகக் கணிதமா, கணினிப் பயன்பாடா? சி.ஏ. எண்ணம் இருந்தால் வணிகக் கணிதம் கைகொடுக்கும், சி.ஏ. ஃபவுண்டேஷனில் கணிதமும் புள்ளியியலும் சேர்ந்த தாள் ஒன்று இருக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆனர்ஸ் பொருளாதாரத்துக்கோ பிளஸ் டூவில் கணிதம் படித்திருக்க வேண்டும். மாறாக, சென்னை ஐ.ஐ.டி.யின் தரவு அறிவியல் பி.எஸ். படிப்புக்குப் பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். பிளஸ் டூ எந்த குரூப்பாகவும் இருக்கலாம். ஐந்தாண்டுச் சட்டப் படிப்பும் அப்படித்தான்.

சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன், மனத்தில் உள்ள மூன்று படிப்புகளின் சென்ற ஆண்டு விளக்கக் கையேட்டை எடுத்து, தகுதிப் பகுதியை மட்டும் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். குரூப் மாற்றிக்கொள்ள நினைத்தால் வகுப்பு தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் தலைமை ஆசிரியரைப் பார்த்துவிட வேண்டும். காலாண்டுத் தேர்வு தாண்டிப் போய் நின்றால், இடமும் இருக்காது, விட்ட பாடத்தைப் பிடிக்க நேரமும் இருக்காது.