ஆர்தாஸுக்காக வாதாடப் போகிறீர்களா? கப்பலை மறக்காதீர்கள்

திருகோணமலை டச்சு விரிகுடாக் கரையில் கச்சான் சுருளோடு உட்கார்ந்தால் எங்கள் ஆட்களுக்கு இரண்டே கதைதான்: கிரிக்கெட், இல்லாவிட்டால் வார்கிராஃப்ட் 3. 2002இல் வந்த கம்ப்யூட்டர் கேம். அதில் வரும் லார்டரன் இளவரசன் ஆர்தாஸை மன்னிக்கலாமா என்று இன்னும் அடிபடுகிறோம். வாலி வதைக்கு வழக்காடு மன்றம் வைப்பதுபோலத்தான். ஆனால் அங்கே நடுவர் ஒருவர் இருப்பார். இங்கே குரல் பெரிதாக உள்ளவன் வெல்வான். இத்தனை நாள் கேட்டதில், வாதம் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் சறுக்குகிறது.

விளையாடாதவர்களுக்குக் கதை இதுதான். நோய் ஏற்றிய தானியம் ஊர் ஊராகப் போகிறது. தின்றவர்கள் நடைப்பிணமாக எழும்புகிறார்கள். ஆர்தாஸ் ஸ்ட்ராத்தோம் நகருக்கு வரும்போது தானியம் அங்கே பங்கிட்டாயிற்று. நகரையே அழிக்கச் சொல்கிறான். குரு ஊதர் மறுக்க, துரோகி என்று சொல்லி அவரை விலக்குகிறான். ஒருகாலத்துக் காதலி ஜெய்னாவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறாள்.

“கடைசியில் பெற்ற தகப்பனையே கொன்றவன்தானே, அப்போதே கெட்டவன்” என்று தொடங்குவது பெரிய தவறு. கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியனை எடுங்கள். கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம் இருந்தது அவனுக்குத் தெரியாது. அதற்காக யாரும் அவனைத் திட்டுவதில்லை. விசாரிக்க நேரம் இருந்தும் விசாரிக்கவில்லை, அதுதான் குற்றம். ஆர்தாஸையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தானியம் தின்றவர்கள் மாறுவதை அவன் முந்திய ஊரிலேயே கண்ணால் கண்டவன். ஸ்ட்ராத்தோமில் யார் தின்றார்கள், யார் இன்னும் தின்னவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. யோசனை கேட்க இரண்டு பேர் பக்கத்திலேயே நின்றார்கள். ஒருவரை விரட்டினான், மற்றவளைத் தடுக்கவில்லை.

எதிர்ப்பக்கத்துத் தவறு, “வேறு வழியே இல்லை மச்சான்” என்பது. கேமில் இல்லை, உண்மைதான். நோய்க்குப் பின்னால் நிற்கிற அரக்கன் மால்கனிஸ் 100 பேரைத் தன் பக்கம் இழுப்பதற்குள் நீங்கள் 100 பேரைக் கொல்ல வேண்டும். வீட்டை உடைத்தால் ஆட்கள் மனிதராகத்தான் வெளியே ஓடிவருவார்கள். கொஞ்சம் பொறுத்துத்தான் ஸோம்பி ஆவார்கள். முதல் தடவை நான் மவுஸைப் பிடித்தபடி அவர்கள் மாறும்வரை காத்திருந்தேன். மாறின பிறகு அடித்தால் மனம் உறுத்தாதே! நேரம் போய், மிஷன் தோற்றது. அடுத்த தடவை காத்திருக்கவில்லை. ஆனால் அந்த வழியை அடைத்தது கேமைச் செய்தவர்கள். எனக்கு வேறு பட்டன் இல்லை என்பதால் கதைக்குள் இருக்கிற இளவரசனுக்கும் வழியில்லை என்றாகிவிடாது.

வாளை இழுப்பது இன்னொன்று. ஃப்ரோஸ்ட்மோர்ன் என்ற சாப வாள் அவன் ஆத்மாவைப் பிடுங்கிவிட்டது, ஆகவே அவன்மேல் பிழையில்லையாம். சரி, அந்தச் சலுகை வாளைத் தொட்ட பிறகு நடந்ததற்கு. ஸ்ட்ராத்தோம் அதற்கு முந்தியது. சாபம் இருக்கிறது என்று கூடப் போன நண்பன் மூரடின் வாசித்துச் சொன்ன பிறகுதான் எடுத்தான் என்பதையும் கணக்கில் போடுங்கள்.

ஏன் செய்தான் என்று விளங்கினால் உடனே மன்னித்துவிடுவதும் உண்டு. கோபம், பழி, பயம் எல்லாம் விளங்குகிறது. விளங்குவது வேறு, விடுவிப்பது வேறு. இதை நீட்ட வேண்டியதில்லை.

இரு தரப்பும் சேர்ந்து விடுகிற தவறுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: எல்லாரும் ஸ்ட்ராத்தோமிலேயே நின்றுவிடுகிறார்கள். அங்கே அவனுக்காகச் சொல்ல கொஞ்சமாவது இருக்கிறது. அவசரம், நோய், துரத்தும் எதிரி. அடுத்து, மால்கனிஸைத் துரத்திப் படையோடு போன நார்த்ரெண்ட் என்ற பனிநாட்டில் நடந்ததற்கு என்ன இருக்கிறது? படையைத் திரும்பச் சொல்லி ராஜாவின் ஆணை வருகிறது. வீரர்கள் சந்தோஷமாகக் காட்டை வெட்டிக்கொண்டு கப்பலுக்குப் புறப்படுகிறார்கள். ஆர்தாஸ் கூலிப்படையைப் பிடித்து, அவர்களுக்கு முந்திப் போய்த் தன் கப்பல்களையே எரிக்கிறான். வீரர்கள் வந்து சேர்ந்ததும், “இந்தக் கூலிக்காரர்தான் கொளுத்தினார்கள்” என்று காட்டிக்கொடுத்து அவர்களைக் கொல்லவும் சொல்கிறான். அங்கே நோயுமில்லை, தானியமுமில்லை. சொந்த ஆட்களுக்குப் பொய், உதவினவனுக்குச் சாவு. வாள் அப்போது அவன் கையில் இல்லை.

ஒருநாள் இதைக் கரையில் விளக்கிக்கொண்டிருந்தேன். கோட்டைப் பக்கத்து மான் ஒன்று கச்சான் கடதாசியை மென்றுகொண்டு நின்றது. எங்கள் கூட்டத்தில் கேம் பக்கமே போகாத ஒருவன் இருக்கிறான், வீடே மீன்பிடித் தொழில். பக்கத்தில் ஏற்றியிருந்த வள்ளத்தில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தவன், ஸ்ட்ராத்தோம் முழுவதற்கும் வாய் திறக்கவில்லை. கப்பல் வந்ததும் நிமிர்ந்தான்.

“தன்ர ஆக்கள் வீட்டை போற கப்பலையா கொளுத்தினவன்?”

“ஓம்.”

“கூலிக்காரருக்குக் காசு குடுத்தவனா?”

“முதல்லயே குடுத்தாத்தான் வருவாங்கள். கேம் அப்பிடி.”

“அப்ப, செத்த பிறகு அதையும் எடுத்திருப்பான்” என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டான்.