எனக்கும் மறதி நோய் வந்துவிடுமோ: பயத்தை அளந்து பார்க்கும் வழி

தெரிந்த பெயர் ஒன்று நுனிநாக்கில் நிற்கும், வாய்க்கு வராது. 'அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது' என்று மனம் உடனே ஓடும். டிமென்ஷியா என்னும் மறதி நோய் பற்றிய கவலை பலருக்குத் தொடங்குவது இங்கேதான். நோயாளியைப் பல வருஷம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் தன் ஆபத்தைக் கூட்டியே போடுவார். யாரையும் பார்க்காதவர் அதை ஊரார் கதை என்று ஒதுக்கிவிடுவார். இரண்டுமே கண்ணால் கண்டதை வைத்துப் போடும் கணக்கு.

முதல் வேலை, நான்கு வாரத்துக்கு ஒரு குறிப்பேடு. இரவில் ஒரே ஒரு தடவை, ஐந்து நிமிஷத்துக்கு மேல் போகாமல் எழுதுங்கள். எது மறந்தது, எப்படித் திரும்ப வந்தது, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், புதிதாக ஏதாவது மருந்து சாப்பிட்டீர்களா, இவ்வளவு போதும். உதாரணத்துக்கு: 'செவ்வாய். சாவியைக் காணோம். போனில் பேசிக்கொண்டே வைத்தது ஞாபகம் வந்ததும் கிடைத்தது. தூக்கம் 4 மணி.' இது மறதிகூட இல்லை. வைக்கும்போது கவனம் அங்கே இல்லை, அதனால் மூளையில் பதியவே இல்லை. 'புதன். நேற்று வீட்டில் பேசி முடித்ததை வீட்டார் எடுத்துச் சொன்ன பிறகும், பேசியதே நினைவில்லை.' இது வேறு வகை. துப்பு கொடுத்தும் திரும்ப வராத மறதி அடிக்கடி வந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அதனால் குறிப்பேட்டில் 'எப்படித் திரும்ப வந்தது' என்ற பகுதிக்குத்தான் மதிப்பு அதிகம்.

இந்தக் கட்டத்தில் பலரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: நாள் முழுக்கத் தன்னையே சோதிப்பது. கவலை கவனத்தைத் தின்னும், கவனம் போனால் மறதி கூடும், அதைப் பார்த்துக் கவலை இன்னும் ஏறும். இணையத்தில் கிடைக்கும் நினைவாற்றல் தேர்வுகளையும் திரும்பத் திரும்ப எழுதாதீர்கள். பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடிவிடும். டாக்டர்கள் பயன்படுத்தும் மோகா தேர்வுக்கு மொத்தம் 30 மதிப்பெண். 26-ம் அதற்கு மேலும் இயல்பு என்று வைத்திருக்கிறார்கள். படித்த வருஷங்கள் குறைவாக இருந்தாலும் மதிப்பெண் இறங்கும் என்பதால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

அடுத்து, கூட வசிப்பவரிடம் கேளுங்கள். 'எனக்கு மறதி கூடிவிட்டதா?' என்று கேட்டால் மனம் நோகாமல் இல்லை என்பார்கள். 'போன வருஷம் நான் சுலபமாகச் செய்து, இப்போது திணறுகிற வேலை எது?' என்று கேளுங்கள். பணக் கணக்கு, மாத்திரை வேளை, தெரிந்த வழி, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்டால் உண்மை வரும். நோய் முற்றும்போது நோயாளிக்குத் தன் குறை தெரியாமல் போவது சகஜம். வீட்டார்தான் முதலில் கவனிப்பார்கள். உங்களுக்கு மட்டும் தெரிகிற மறதி ஓரளவு ஆறுதல்தான், உத்தரவாதம் இல்லை.

பரம்பரைக் கணக்குக்கு வருவோம். பெற்றோருக்கு எந்த வயதில் வந்தது என்று பாருங்கள். 65 வயதுக்கு முன்பே, அதுவும் தலைமுறை தலைமுறையாக வந்திருந்தால் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். ஒரே மரபணுக் கோளாறு நேரடியாக நோயைக் கொண்டுவரும் குடும்பங்களில் பிள்ளைக்கு அது போய்ச்சேரும் வாய்ப்பு 50%. ஆனால் டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் அல்சைமர் நோயை எடுத்தால், நோயாளிகளில் இந்த வகை 1 சதவீதத்துக்கும் குறைவு. எண்பதில் வந்திருந்தால் உங்கள் ஆபத்து கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. 'ஆபத்து 30% கூடுகிறது' என்று படித்தால் எதிலிருந்து என்று கேளுங்கள். 100 பேரில் 10 பேருக்கு வரக்கூடியது என்றால், அது 13 பேருக்கு வரும் என்பதுதான் அதன் பொருள். அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏபிஓஇ-4 என்ற மரபணு வகைக்கான சோதனையும் ஆம், இல்லை என்று பதில் தராது. அது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமல் வந்தவர்களும் உண்டு.

டாக்டரிடம் குறிப்பேட்டோடு எல்லா மாத்திரைகளையும் எடுத்துப் போங்கள். தூக்க மாத்திரை, சில பழைய அலர்ஜி மாத்திரைகள், அடக்க முடியாத சிறுநீருக்குத் தரும் சில மருந்துகள் எல்லாம் ஞாபகத்தை மங்கவைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். பி12, தைராய்டு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் தடை, மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சரிசெய்யக்கூடிய காரணங்கள் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் கிடைக்கும். சில மணி நேரத்திலோ இரண்டொரு நாளிலோ திடீரென்று குழப்பம் வந்தால், குறிப்பாகத் தலையில் அடிபட்ட பிறகு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பரம்பரைக்காகத் தூக்கத்தைத் தொலைப்பவர்களே காது மந்தமானதை வருஷக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள். இதுதான் எங்களுக்குப் புரியாத முரண். லான்செட் மருத்துவ இதழ் அமைத்த டிமென்ஷியா நிபுணர் ஆணையம் 2024-ல் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. காது கேளாமை, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, தனிமை எல்லாம் அதில் உண்டு. எல்லாவற்றையும் ஒழித்தால் உலகில் சுமார் 45% டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. அது மக்கள்தொகைக்கான எண், உங்கள் சொந்த ஆபத்து 45% குறையும் என்று படிக்கக் கூடாது. கேட்கும் சோதனை ஒன்றும், 40 வயதுக்கு மேல் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 130-க்குள் வைப்பதும் நல்ல தொடக்கம்.

நான்கு வாரம் முடிந்ததும் குறிப்பேட்டை மூடி, ஆறு மாதம் கழித்து வரும் ஒரு தேதியை அதன் அட்டையில் எழுதுங்கள். வேலை செய்வதே தடுமாறினால் ஒழிய, அதற்கு முன் திறக்க வேண்டாம்.