வீட்டில் கார் சார்ஜர் பூட்டுகிறீர்களா? முதலில் எர்த்தைப் பாருங்கள்

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் மச்சான் போன வருடம் தன் பழைய ஜப்பான் லீஃப் மின்சாரக் காருக்குத் தானே சார்ஜர் பூட்டினார். சுவரில் நான்கு ஆணி, ஒரு கேபிள், ஒரு பிறேக்கர். எல்லாம் முடித்துப் போட்டுப் பார்த்தால் சிவப்பு விளக்கு. எர்த் இல்லை என்று சார்ஜர் சொல்கிறது. யாரோ கொடுத்த யோசனைப்படி பிளக்குக்குள் நியூற்றலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டார். பச்சை எரிந்தது, கார் சார்ஜ் ஆனது. இரண்டு நாள் கழித்து அதைக் கண்டவுடன் நான் செய்த முதல் வேலை மெயின் சுவிட்சை இறக்கியதுதான்.

தவறுகளில் மிக மோசமானது இதுதான். நியூற்றல் எங்காவது கழன்றால் காரின் உடல் முழுவதும் 230 வோல்ற் ஏறிவிடும். கார் நிற்பது ரப்பர் ரயரில், நிலத்தோடு அதற்குத் தொடர்பில்லை. மழை ஈரத்தில் வெறுங்காலோடு வந்து கதவைத் திறக்கும் பிள்ளையின் உடம்பு வழியாகத்தான் அந்தக் கறன்ற் நிலத்துக்கு இறங்கும். கறன்ற் கசிந்தால் தானாக நிறுத்தும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலும், ஷொக் அடித்த பிறகுதான் விழும். சிவப்பு விளக்கு எரிந்தால் சார்ஜரை ஏமாற்றாதீர்கள். எர்த்தைத் தேடுங்கள்.

நம் வீடுகளில் எர்த் என்பது வளவில் நாமே இறக்கும் கம்பிதான். உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கம் மேல்மண் வெறும் மணல். காய்ந்த மணல் கறன்றை எளிதில் உள்ளே விடாது. மார்கழி மழையில் எர்த்தின் தடையை அளந்தால் குறைந்த, நல்ல எண் வரும். அதே கம்பியைக் கச்சான் காற்று அடிக்கும் ஆடி ஆவணியில் அளந்து பாருங்கள், எண் எங்கோ ஏறி நிற்கும். ஆகவே அளப்பது கோடையில் இருக்க வேண்டும். 200 ஓமுக்கு மேல் போனால் அந்த எர்த்தை நம்ப முடியாது. அதைவிட எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கூடினால் ஈரமண் எட்டும்வரை நீளமான கம்பி இறக்குங்கள், அல்லது கம்பியின் நீளமளவாவது தள்ளி இரண்டாவது கம்பி போட்டு இரண்டையும் இணையுங்கள். குழியில் உப்புக் கொட்டுவது வேண்டாம். அது மழையில் கரைந்து போகும், போகுமுன் கம்பியையும் அரிக்கும்.

ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தி, விழுகிறதே, எர்த் சரி என்று நினைப்பவர்கள் பலர். அந்தப் பொத்தான் எர்த்தைத் தொடுவதே இல்லை. எர்த் கம்பியைப் பிடுங்கி எறிந்தாலும் அது விழும். எர்த்தை மீற்றர் வைத்துத்தான் அளக்க முடியும்.

ட்ரிப் சுவிட்சில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. பல வீடுகளில் இருப்பது ஏசி வகை. அதன் முகப்பில் ஒற்றை அலைக்கோடு மட்டும் வரைந்திருக்கும். காரின் பக்கத்திலிருந்து டிசி கறன்ற், அதாவது பற்றரியில் போல ஒரே திசையில் ஓடும் கறன்ற், கசிந்தால் இந்த வகை மரத்துப்போகும். அப்படி ஆனால் காருக்கு மட்டுமல்ல, குளியலறைக்கும் சமையலறைக்கும் சேர்த்துப் பாதுகாப்புப் போய்விடும். 6 மில்லி அம்பியர் டிசி கசிவைக் கண்டு நிறுத்தும் ஏற்பாடு உள்ள சார்ஜர் வாங்கி, அதற்கென்று தனியாக ஏ வகை ட்ரிப் சுவிட்ச் போடுங்கள். சார்ஜரில் அந்த ஏற்பாடு இல்லையென்றால் பி வகை தேவை, அது விலை கூடியது.

அடுத்தது அளவு. கடைக்காரர் 7.4 கிலோவாட் சார்ஜரைக் காட்டுவார். அது 32 அம்பியர் இழுக்கும். நம்மில் பலருடைய வீட்டு இணைப்போ ஒற்றை பேஸ் 30 அம்பியர். எயார்கொண்டிஷனரும் கேத்தலும் ஓட இடமே இல்லை. 16 அம்பியருக்குக் குறைத்து வைத்தால் போதும். நேரத்துக்கு நேரம் விலை மாறும் நேரவாரிக் கட்டணத்தில் மலிவான நேரம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை. அந்த ஏழு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 25 யூனிற் இழுக்கலாம். மச்சானின் 24 யூனிற் பற்றரிக்கு அது தாராளம். அதற்கும் மேல் வேண்டுமென்றால் முதலில் மூன்று பேஸ் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள்.

கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பிறேக்கர்கள் இருக்கும் டிபி போர்டிலிருந்து தனி வயர், 16 அம்பியருக்கு 4 சதுர மில்லிமீற்றர் செம்பு. இருக்கிற 13 அம்பியர் பிளக்கில், அதுவும் சுருட்டி வைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் இரவு முழுக்க ஓட்டுவது தீயை வீட்டுக்குள் அழைப்பது போல. அப்புறம், ஜப்பானிலிருந்து காரோடு வந்த 100 வோல்ற் கேபிளை இங்கே செருகவே கூடாது.

கடலோரம் என்பதால் பெட்டியைக் கடல் பார்த்த சுவரில் வைக்காதீர்கள். கேபிள் அடியிலிருந்து உள்ளே ஏறட்டும். மேலிருந்து விட்டால் வாடை மழை கேபிளோடு வழிந்து உள்ளே போகும்.

இடம் பார்ப்பது, குழாய் பதிப்பது, கிடங்கு வெட்டுவது, இதெல்லாம் நீங்களே செய்யலாம். டிபி போர்டில் கை வைப்பதையும் எர்த் அளப்பதையும் அனுமதிப்பத்திரம் உள்ள மின்னியலாளரிடம் விடுங்கள். மச்சான் வீட்டில் அப்படித்தான் செய்தோம். இரண்டாவது கம்பி இறக்கி, அந்தத் துண்டு வயரைக் கழற்றிய பிறகும் சிவப்பு விளக்கு வரவில்லை, பச்சைதான் எரிந்தது.