கபாலபாதி: முதல்முறை பழகுபவர்களுக்கு

கபாலபாதி என்ற யோக மூச்சுப் பயிற்சியில் உங்கள் வேலை ஒன்றுதான்: மூச்சை வெளியே தள்ளுவது. உள்ளே எடுப்பதை உடம்பே பார்த்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். உள்ளே இழுப்பதையும் பலமாகச் செய்யப்போய், சீக்கிரமே களைத்துவிடுவார்கள். இரண்டையும் பலமாகச் செய்வது பஸ்திரிகா என்ற வேறு பயிற்சி. அது பிறகு.

பிரஷர், இதய நோய், வலிப்பு, குடலிறக்கம், கண் அழுத்த நோய், வயிற்றுப்புண் இருப்பவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் வயிற்றில் ஒப்பரேஷன் செய்தவர்களும் இதைத் தொடவே வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் டொக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

காலையில் வெள்ளென, வெறும் வயிற்றில் செய்வதுதான் நல்லது. பின்னேரம்தான் வசதி என்றால், மத்தியானச் சோறு சாப்பிட்டு நான்கு மணித்தியாலமாவது போகட்டும். மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் இருந்து செய்ய ஆசைப்படுபவர்கள் வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மணல் சரிவாக இருந்தால் இடுப்பு சாயும். பன்பாயை மடித்து அடியில் வைத்து, முதுகை நிமிர்த்திச் சம்மணமிட்டு இருங்கள். முழங்கால் வலி இருந்தால் கதிரையில் இருக்கலாம், ஒரு குறையும் இல்லை.

சரி, இனித் தொடங்குவோம். முதலில் மூக்கைச் சிந்தி, இரண்டு பக்கமும் காற்று போகிறதா என்று பாருங்கள். மாரியில் தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருந்தால் அன்றைக்கு விட்டுவிடுங்கள்.

ஒரு உள்ளங்கையைத் தொப்புளுக்குக் கீழே வையுங்கள். வாயை மூடி, சாதாரணமாக மூச்சை எடுங்கள். இப்போது அடிவயிற்றைச் சட்டென்று உள்ளே இழுத்து, மூக்கு வழியாக மூச்சைத் தள்ளுங்கள். மூக்குச் சிந்தும்போது வயிறு எப்படி உள்ளே போகிறதோ, அதே அசைவுதான். கை முதுகுப் பக்கம் போவது தெரியவேண்டும். உடனே வயிற்றைத் தளரவிடுங்கள். கை தானாக முன்னே வரும், மூச்சும் தானாக உள்ளே வந்திருக்கும். இந்தத் தளர்வு பிடிபடும்வரை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் செய்யுங்கள். இதில் அவசரப்பட்டால் பிறகு திருத்துவது கஷ்டம்.

பிடிபட்டதும் செக்கனுக்கு ஒன்று என்ற வேகத்தில் 20 தடவை செய்யுங்கள். தோள் ஏறி இறங்குகிறதா, முகம் சுருங்குகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். வயிறு மட்டும்தான் அசையவேண்டும். தொண்டையில் உரசல் கேட்டால் நீங்கள் தொண்டையை இறுக்குகிறீர்கள். கொஞ்சம் மெதுவாகத் தள்ளுங்கள்.

20 முடிந்ததும் கண்ணை மூடி, ஒரு நிமிடம் மூச்சை அதன் பாட்டில் விடுங்கள். இது ஒரு சுற்று. தொடக்கத்தில் மூன்று சுற்று போதும். வாரத்துக்குப் பத்துப் பத்தாகக் கூட்டி, சுற்றுக்கு 60 வரை போகலாம்.

தலை சுற்றினால், விரல் நுனி விறைத்தால் உடனே நிறுத்துங்கள். ‘சக்தி ஏறுகிறது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளவுக்கு மிஞ்சி மூச்சு வெளியேறி, இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைவதால் வருவது அது. தலை சுற்றுவது, அதனால் மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால். சாதாரணமாக மூச்சுவிட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அடுத்த நாள் வேகத்தைக் குறையுங்கள்.

கச்சான் காற்று வீசும் நாட்களில் மூக்கும் தொண்டையும் வறண்டுபோகும். இந்தப் பயிற்சி உடம்பைச் சூடாக்குவது, ஆகவே அப்போது ஒரு சுற்றோடு நிறுத்துங்கள். முடிந்த கையோடு தேத்தண்ணிக்கு ஓடாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருங்கள்.