எஃப்.எஃப்.ஏ. பதவிக்கு நிற்கிறீர்களா? இந்தத் தவறுகளை விட்டுவிடுங்கள்

வசந்தகாலம் வந்தால், அமெரிக்கப் பள்ளிகளில் வேளாண்மை படிக்கும் மாணவர்களின் அமைப்பான எஃப்.எஃப்.ஏ.-வின் கிளைகளில் தேர்தல் பேச்சு கிளம்பிவிடும். ஃபோர்-எச் என்ற இன்னொரு இளையோர் அமைப்பின் மன்றங்கள் பலவற்றில் இது இலையுதிர்காலத்து வேலை. நிற்பவர்கள் புதுப் பிள்ளைகள், செய்வது என்னவோ போன வருடத்துப் பிள்ளைகள் செய்த அதே தவறுகள்.

நேரத்துக்கு வா, எஃப்.எஃப்.ஏ. சீருடை ஜாக்கெட்டின் ஜிப்பை மேல்வரை இழு, எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசு என்பதெல்லாம் இங்கே இல்லை. அவற்றைச் சொல்ல, கிளையை வழிநடத்தும் ஆசிரியரான உங்கள் ஆலோசகர் இருக்கிறார்.

"நான் தலைவரானால் எல்லோரையும் கூட்டிப் போவேன்"

அதிகம் எரிச்சலூட்டுவது இந்தத் தவறுதான். அதிகம் நஷ்டம் தருவதும் இதுதான். மேடை ஏறியதும் வாக்குறுதிகள் கொட்டும். மாநில மாநாட்டுக்கு எல்லோருக்கும் பஸ், கூட்டம்தோறும் பீட்சா, பசுமைக்குடிலுக்குப் புதுக் கூரை. கைத்தட்டல் கிடைக்கும், பல சமயம் ஓட்டும் கிடைக்கும். சிக்கல் செப்டம்பரில் ஆரம்பிக்கும்.

ஒரு கிளையின் தலைவருக்கு இதில் எதையும் செய்ய அதிகாரம் கிடையாது. பணம் செலவாக வேண்டுமென்றால் உறுப்பினர் ஒருவர் தீர்மானம் கொண்டுவர வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், பெரும்பான்மை ஓட்டு விழ வேண்டும். அதன் பிறகும் பள்ளி நிர்வாகம் சம்மதிக்க வேண்டும். இரவு தங்கும் பயணம் என்றால் பல ஊர்களில் பள்ளி வாரியம் வரை போகும். தலைவரின் வேலை கூட்டத்தை நடத்துவது. ராபர்ட்ஸ் ரூல்ஸ் என்ற கூட்ட விதிநூலின்படி நடக்கும் கூட்டத்தில் தலைவர் ஒரு பக்கம் சேர்ந்து வாதாடக்கூட முடியாது. அப்படிப் பேசியே ஆக வேண்டுமென்றால் நாற்காலியைத் துணைத் தலைவரிடம் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும், அந்த விஷயம் முடியும்வரை திரும்பி ஏறக் கூடாது. ஒரு யோசனையைப் போராடி நிறைவேற்றத் துடிக்கும் பிள்ளைக்குத் தலைவர் நாற்காலி உண்மையில் வாய்ப்பூட்டு. சாதாரண உறுப்பினராக இருந்தால் எழுந்து நின்று தாராளமாக வாதாடலாம். பதவிக்கு நிற்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

ஜெயித்த பிறகு நடப்பது எப்போதும் ஒரே மாதிரிதான். முதல் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கி "பஸ் எப்போ?" என்று கேட்பான். ஆலோசகரைப் பார்த்தால் அவர் பொருளாளரைப் பார்ப்பார். பொருளாளர் கணக்கைப் படிப்பார். மூன்றாவது கூட்டத்துக்குள் வருகை குறைந்துவிடும். பொய் சொன்னார் என்று யாரும் திட்ட மாட்டார்கள், அடுத்த முறை அவர் ஏதாவது சொன்னால் காது கொடுக்கவும் மாட்டார்கள்.

இதைத் தவிர்க்க, பேச்சு எழுதுவதற்கு முன் மூன்று காகிதங்களை வாங்கிப் படிக்க வேண்டும். செயலாளரிடம் போன வருடக் கூட்டக் குறிப்புகள், பொருளாளரிடம் மாதக் கணக்கு, ஆலோசகரிடம் கிளையின் ஆண்டுச் செயல்திட்டம். உறுப்பினர் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

கூட்டக் குறிப்புகளைக் கதைபோல் வாசிக்காதீர்கள். தீர்மானங்களை மட்டும் பென்சிலால் கோடிட்டு, ஒவ்வொன்றும் எங்கே போய் முடிந்தது என்று பின்தொடருங்கள். அநேகமாக இப்படி ஒன்று சிக்கும்: நவம்பரில், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்குப் பண்ணை நாள் நடத்தும் யோசனை ஒரு குழுவுக்கு அனுப்பப்பட்டிருக்கும். டிசம்பரில் அதைப் பற்றிப் பேச்சில்லை, பிப்ரவரியிலும் இல்லை. குழு கூடியதா, அறிக்கை வந்ததா, ஒன்றும் தெரியாது. இதைவிட நல்ல தேர்தல் பேச்சு கிடைக்காது. "நவம்பரில் குழுவுக்குப் போன பண்ணை நாள் திரும்பி வரவே இல்லை. என் முதல் கூட்ட நிகழ்ச்சி நிரலில் அந்தக் குழுவின் அறிக்கை இருக்கும்" என்று சொல்லுங்கள். குழு அறிக்கையைக் கேட்பது தலைவர் தன் அதிகாரத்திலேயே செய்யக்கூடிய வேலை. அந்த யோசனையை முதலில் கொண்டுவந்தவர் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார், அதையும் மறக்க வேண்டாம்.

மாதக் கணக்கில் கடைசி இருப்பைப் பாருங்கள், பிறகு உங்கள் ஆசையை அதோடு மோதவிடுங்கள். உதாரணத்துக்கு, மாநாட்டுக்கு ஆளுக்கு 85 டாலர் ஆகும், 30 பேர் போக வேண்டும் என்றால் 2,550 டாலர். இருப்பு 1,900 என்றால் 650 குறைகிறது. நிதி திரட்டும் பழப் பெட்டி விற்பனையில் பெட்டிக்கு 6 டாலர் லாபம் நின்றால் 109 பெட்டி கூடுதலாக விற்றாக வேண்டும், அதாவது ஆளுக்கு நான்கு பெட்டிக்குச் சற்றுக் குறைவு. "ஆளுக்கு நாலு பெட்டி அதிகம் விற்கத் தயாரா?" என்று மேடையில் கேட்கிற வேட்பாளரைப் பொருளாளர் நிமிர்ந்து பார்ப்பார்.

செயல்திட்டத்தில் மூன்று பிரிவுகள் இருக்கும்: தலைவர்களை வளர்ப்பது, சமூகத்தைக் கட்டுவது, வேளாண்மையை வலுப்படுத்துவது. ஒவ்வொன்றிலும் ஐந்து தரக் குறிக்கோள்கள். எந்தக் குறிக்கோளின் கட்டம் போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் ஒரே வாசகத்தோடு நிற்கிறதோ, அங்கே யாரும் வேலை பார்க்கவில்லை என்று அர்த்தம். பாதுகாப்பு, ஆரோக்கிய வாழ்வு என்ற இரண்டு கட்டங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

எழுதி முடித்ததும் பேச்சை ஒருமுறை சல்லடை போடுங்கள். நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பது, குழு அமைப்பது, அறிக்கை கேட்பது, புது உறுப்பினரைப் பேச அழைப்பது எல்லாம் அப்படியே இருக்கட்டும். வாங்குவது, கூட்டிப் போவது, மாற்றுவது, ரத்து செய்வது எல்லாவற்றுக்கும் ஓட்டு வேண்டும். அவற்றை அடித்துவிடுங்கள், இல்லையென்றால் "இந்தத் தீர்மானம் வர உதவுவேன்" என்று திருத்துங்கள். இரண்டு நிமிடப் பேச்சுக்கு ஆங்கிலத்தில் 250 சொல் போதும். அதில் இப்படிப்பட்ட வாக்குறுதி ஒன்று இருந்தாலே தாராளம்.

தலைவர் பதவி கிடைத்தால்தான் ஆச்சு என்று நிற்பது

எஃப்.எஃப்.ஏ. கிளையில் வழக்கமான பதவிகள் ஆறு: தலைவர், துணைத் தலைவர், செயலாளர், பொருளாளர், செய்தியாளர், சென்டினல். பல கிளைகளில் பதவிவாரியாகத் தேர்தலே நடக்காது. நேர்காணல் குழு எல்லோரையும் பார்த்து, யாருக்கு எது பொருந்தும் என்று பங்கு போடும். அங்கே "தலைவர் இல்லையென்றால் எது?" என்ற கேள்வி நிச்சயம். "எதுவானாலும் சரி" என்பதுதான் இருப்பதிலேயே மோசமான பதில். எந்த வேலையும் தெரியாது என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும்.

செயலாளராக வர விரும்புகிறவர், கூட்டக் குறிப்பில் என்ன செய்யப்பட்டது என்பதைத்தான் எழுத வேண்டும், யார் என்ன பேசினார் என்பதை அல்ல என்று தெரிந்திருக்க வேண்டும். தீர்மானத்தின் சரியான வாசகம், கொண்டுவந்தவர் பெயர், முடிவு. இவ்வளவே. பொருளாளர் ஆசை உள்ளவர், மாதக் கணக்கை ஓட்டெடுத்து "ஏற்பது" தேவையில்லை, அது தணிக்கைக்காகக் கோப்பில் போகும் என்று சொன்னால் குழுவில் ஒருவர் பேனாவை எடுப்பார். விற்பனைப் பணத்தை இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சென்டினல் என்றால் கதவுக்குப் பக்கத்தில் நிற்பவர் என்று இளக்காரமாகப் பேசுவார்கள். உள்ளே வரும் புது உறுப்பினர் முதலில் பார்க்கும் முகம் அதுதான், அரங்கை ஏற்பாடு செய்வதும் அவர்தான். ஒன்பதாம் வகுப்பில் இதை ஒழுங்காகச் செய்தவரை அடுத்த தேர்தலில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கூட்ட நடைமுறையை அரைகுறையாகத் தெரிந்துவைப்பது

எஃப்.எஃப்.ஏ. உறுப்பினருக்குக் கிளை அளவில் கிடைக்கும் கிளைப் பட்டம் வாங்கவே கூட்ட நடைமுறையில் ஐந்து செயல்களைச் செய்து காட்டியிருக்க வேண்டும். பட்டம் கைக்கு வந்ததும் மறந்துவிடுகிறது.

நேர்காணலில் வழுக்கும் இடம் ஒன்று. விவாதம் நீளும்போது யாரோ உட்கார்ந்தபடியே "க்வெஸ்டியன்!", அதாவது ஓட்டுக்கு விடுங்கள், என்று குரல் கொடுப்பார். உடனே ஓட்டுக்கு விடுவேன் என்று வேட்பாளர் சொல்வார். தவறு. ஒரு குரலுக்காக விவாதம் நிற்காது. அவர் அனுமதி பெற்று, விவாதத்தை முடிக்க முறையாகத் தீர்மானம் கொண்டுவந்து, வழிமொழியப்பட்டு, மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழ வேண்டும். அதன் மேல் விவாதம் கிடையாது. 30 பேர் ஓட்டுப் போட்டால் 20 பேர் ஆதரிக்க வேண்டும். 19 என்றால் பேச்சு தொடரும். வெறும் பெரும்பான்மையால் மற்றவர்களின் பேசும் உரிமையைப் பறிக்க முடியாது என்பதால்தான் இந்த உயரமான வரம்பு. காரணத்தோடு சொல்லிப் பாருங்கள், குழு அடுத்த கேள்விக்குப் போய்விடும்.

சுத்தியல் தட்டும் அர்த்தத்தோடு வர வேண்டும். இரண்டு தட்டு கூட்டம் தொடங்க, மூன்று தட்டு எல்லோரும் எழ, ஒரு தட்டு உட்கார அல்லது ஒரு விஷயம் முடிந்தது என்று சொல்ல.

முதல் சுற்றில் பின்தங்கியதும் விலகிவிடுவது

கிளையின் துணை விதிகளில் வேறு ஏற்பாடு இல்லை, ராபர்ட்ஸ் ரூல்ஸ்தான் என்றால், ஜெயிக்கப் பெரும்பான்மை வேண்டும். மூன்று பேர் நிற்கிறார்கள், 40 ஓட்டு விழுகிறது. 17, 13, 10. யாரும் ஜெயிக்கவில்லை, 21 வேண்டும். மறுபடி ஓட்டெடுப்பு. பத்து வாங்கியவர் தானாகக் கழன்றுகொள்வதாக விதி எதுவும் இல்லை. ஆனாலும் பக்கத்திலிருப்பவர் "விட்டுக்கொடு" என்று கிசுகிசுத்ததும் அழுதுகொண்டே விலகிவிடுவார்கள். 17-உம் 13-உம் பிடிவாதமாக நின்றால் இருவருக்கும் பொதுவான ஆளாகப் பத்து வாங்கியவரே ஜெயிப்பதும் உண்டு.

வெற்றுச் சீட்டு கணக்கில் சேராது. உங்களுக்கு நீங்களே ஓட்டுப் போடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துணை விதிகளைத் தேர்தலுக்கு முந்தின வாரமே படித்துவிடுங்கள்.

"உலகத்துக்கே உணவு கொடுப்போம்"

வேளாண்மை பற்றிக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் இங்கேதான் போய் நிற்பார்கள். நேர்காணல் குழு அதைக் கேட்டுக் கேட்டு அலுத்திருக்கும். ஒரே ஒரு விஷயத்தை எடுத்து முழுதாகத் தெரிந்துகொண்டு போங்கள். 2024 மார்ச்சில் டெக்சஸ், கான்சஸ் கறவை மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது நல்ல உதாரணம். பால் குறைந்தது எப்படித் தெரியவந்தது, மாடுகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக ஏன் பரிசோதனை வந்தது, கோழிப் பண்ணைக்காரர் ஏன் கவலைப்பட்டார், பச்சைப் பால் குடிப்பது பற்றிய எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று நான்கு பேர் பார்வையில் பேசத் தெரிந்தால் போதும். உங்கள் வட்டாரத்தில் விளையும் பொருள் ஒன்றையும் இதேபோல் வைத்துக்கொள்ளுங்கள்.

வரலாற்றைக் குழப்புவது

எஃப்.எஃப்.ஏ. 1928-இல் கான்சஸ் சிட்டியில் தொடங்கியது. கறுப்பின மாணவர்களுக்கான என்.எஃப்.ஏ. 1965-இல் அதனோடு இணைந்தது. பெண்களுக்கு உறுப்பினர் உரிமை தேசிய அளவில் 1969-இல்தான். 1988-இலிருந்து முழுப் பெயர் நேஷனல் எஃப்.எஃப்.ஏ. ஆர்கனைசேஷன், ஃபியூச்சர் ஃபார்மர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற பழைய விரிவாக்கத்தைச் சொன்னால் குழு முகம் சுளிக்கும்.

ஃபோர்-எச் வேறு. அது மாவட்ட வேளாண் விரிவாக்க அலுவலகம் வழியாக நடப்பது, 1914-ஆம் ஆண்டு ஸ்மித்-லீவர் சட்டத்தோடு நாடு முழுக்க வேர்பிடித்தது. எஃப்.எஃப்.ஏ. பள்ளியின் வேளாண் வகுப்போடு கட்டப்பட்டது. இரண்டிலும் இருக்கும் பிள்ளைகள் ஒன்றின் சாதனையை மற்றதன் சாதனையாகச் சொல்லி மாட்டிக்கொள்வார்கள்.

ஜாக்கெட் முழுக்கப் பதக்கங்களைக் குத்திக்கொள்வது

பெயருக்குக் கீழே மூன்றுக்கு மேல் வேண்டாம்: உயர்ந்த பதவி, உயர்ந்த பட்டம், உயர்ந்த விருது.

ஃபோர்-எச்சின் நான்கிலைச் சின்னத்தைச் சுவரொட்டியில் வளைத்து நெளித்துப் போடுவது

கூடாது. அது கூட்டாட்சிச் சட்டம் பாதுகாக்கும் சின்னம்.

அப்பா எழுதிக்கொடுத்த பேச்சு

இரண்டாம் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

விதி தெரியாமல் இணையத்தில் ஓட்டுக் கேட்பது

தேசியப் பதவிகளுக்குப் பிரசாரம் கூடாது. மாநிலம், மாவட்டம், கிளை என்று இறங்கும்போது விதி மாறும். முதல் பதிவுக்கு முன்பே ஆலோசகரைக் கேளுங்கள். நண்பர்கள் போடும் பதிவும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

தோற்றதும் காணாமல் போவது

பெரும்பாலான கிளைகளில் புதிய பொறுப்பாளர்கள் கோடையில் கூடி அடுத்த ஆண்டுச் செயல்திட்டத்தை எழுதுவார்கள். குழுத் தலைவர்களின் பெயர்களும் அப்போதே முடிவாகும், பல இடங்களில் பொறுப்பாளர் அல்லாதவர்களைத் தேடித் திண்டாடுவார்கள். தேர்தல் முடிந்த வாரமே புதிய தலைவரிடம் போய், எந்தக் குழு வேண்டும் என்று பெயரோடு கேளுங்கள். பேச்சுக்காகக் கூட்டக் குறிப்புகளைப் படித்தவர் என்றால், கைவிடப்பட்ட குழு எது என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.